தோளில் ஒரு கை

"இந்தக் கையை மட்டும் எடுத்துடட்டுமா அக்கா? கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை" என்றாள் அச்சகக்காரி பென்யா.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றாள் வெலிகா.

திரையில் இருந்த பழைய படத்தில் வெலிகாவின் கணவன் ரங்கெல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவளை யாரோ கத்தரியால் வெட்டி எறிந்திருந்தார்கள். ஆனால் பின்னால் சுற்றிவந்து அவன் தோளைப் பிடித்திருந்த அவளுடைய வலது கையை வெட்ட முடியவில்லை. சுட்டுவிரல் பாதிதான் இருந்தது அந்தக் கையில்.

பல்கேரியாவின் அந்தச் சிறு நகரத்தில் சாவுக்கு ஒரு நோட்டீஸ், நாற்பதாம் நாளுக்கு இன்னொன்று. வீட்டுக் கதவு, ரொட்டிக்கடை, பஸ் ஸ்டாப், மாதாகோவில் என்று எங்கும் ஒட்டுவார்கள். பெயரைப் படிக்கும் முன்பே ஊர்ப் பெண்கள் படத்தைப் படித்து முடித்துவிடுவார்கள்.

"சாவு நோட்டீஸ்ல போட்ட பாஸ்போர்ட் படமே லட்சணமா இருந்துதே?" என்றாள் பென்யா.

"உர்ருன்னு இருக்கற அந்த மூஞ்சியத்தான் வீட்லயே தினம் பார்த்தாச்சே. இது அவரோட பழைய கோட்டுல இருந்துது. யாருக்காவது கொடுக்கலாம்னு உதறினேன், விழுந்துது. இருபத்தாறு வருஷத்துல என் பக்கத்துல நின்னு ஒரு தடவை இப்படிச் சிரிச்சிருப்பாரா?"

வெலிகாவின் குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்.

"ஊர் சிரிக்கும் அக்கா. செத்தவர் பேரைக் கெடுக்கலாமா?"

"நானா கெடுக்கறேன்?"

பென்யா வலது கையைக் கோட்டுப் பையில் விட்டபடி, இடது கையாலேயே மௌஸை நகர்த்தினாள். கணப்பு அடுப்பு அணைந்து கடை குளிராகத்தான் இருந்தது.

"கீழே என்ன போட? 'ஆறாத் துயரில் மனைவி'ன்னு..."

"பேரும் தேதியும் போதும். மிச்சத்தைப் படமே சொல்லிடும்."

மெஷின் ஐம்பது தாள்களைத் துப்பியது. வெலிகா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கை இருந்தது.

"முதல் நோட்டீஸை உன் கடைக் கதவுல ஒட்டு."

"நீங்க கிளம்புங்க அக்கா, அப்புறமா ஒட்டறேன்."

"இப்பவே ஒட்டு."

பென்யா இடது கையால் தாளைக் கதவில் அழுத்திக்கொண்டு டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். தாள் நழுவித் தரையில் விழுந்தது.

வெலிகா குனிந்து அதை எடுத்து நீட்டினாள்.

"அந்த வலது கையையும் வெளியே எடு பென்யா. பஸ் ஸ்டாண்ட்கிட்டயே ரெண்டு அச்சகம் இருக்கு. பேப்பர் வெட்டற மெஷின்ல பாதி விரலைப் பறிகொடுத்தவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்னு தெரிஞ்சுதானே இங்க வந்தேன்!"