மாவு யானை

எழுபத்தொன்றாம் வருஷத்து ஆடி வெயில் பால்வாடியின் ஓட்டு இடுக்கில் நுழைந்து, மஞ்சள் மாவுத் தட்டுகளின் மேல் வட்ட வட்டமாக ஆடுகிறது. பக்கத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் மண் அரைக்கும் உருளை கடகடக்கிறது. வைட்டமினும் இரும்புச்சத்தும் சேர்த்து அரசாங்கம் அனுப்பும் வறுத்த மாவு இது. வாசம் பிடிக்காமல் பிள்ளைகள் துப்புகிறார்கள். "இதுங்க தின்னலன்னா அடுத்த மாசம் மூட்டையே வராதாம் திரௌபதி" என்கிறாள் டீச்சர் சுலோச்சனா. சாப்பாட்டு நேரத்தில் மகளைப் பார்க்க ஓடிவந்திருக்கும் அந்தப் பேட்டையின் பொம்மைப் பட்டறைக் கூலிக்காரி திரௌபதி, மண் படாத புது பிளாஸ்டர் அச்சு ஒன்றை முந்தானையிலிருந்து எடுக்கிறாள். மாவில் வெல்லத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, களிமண்ணைப் போலவே பலகையில் ஓங்கி அடித்து, அச்சுக்குள் அழுத்துகிறாள். ஈரத்தை அச்சு உறிஞ்சும்வரை பொறுத்திருந்து தட்டுகிறாள். தும்பிக்கை தூக்கிய யானை உள்ளங்கையில் விழுகிறது. கைப்பழக்கத்தில் ஈர்க்குச்சியால் அதன் வயிற்றில் ஓர் ஓட்டையும் போட்டுவிடுகிறாள். "ஓட்டை எதுக்குடி?" "சூளையில வெடிக்காம இருக்கத்தாங்க டீச்சர்" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். இருவரும் குலுங்கிச் சிரிக்கிறார்கள். மகள் கனகா மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள், முகர்கிறாள், தும்பிக்கையை ஒரே கடியில் பிடுங்குகிறாள். மற்ற பிள்ளைகள் மூச்சுவிடாமல் அவள் வாயையே பார்க்கிறார்கள். காது போகிறது, கால்கள் போகின்றன, வாலும் போகிறது. கனகா விரல்களை நக்கிக்கொண்டே நிமிர்கிறாள்: "யம்மா, நாளைக்கி பெரிய யானை அச்சு எடுத்தாந்துடு."