கட்டாந்தரையில் கோல்ஃப்

ராம்நாத் வீசிய மட்டை, பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையில் மோதி ணங்கென்று எகிறியது.

பந்தின் உச்சந்தலையை மட்டும் சீண்டியதில் அது பறக்கவில்லை. செம்மண் சரளையில் தத்தித் தத்தி ஓடி, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைக் கலைத்துவிட்டுக் கருவேலம் புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"தரை கல்லு மாதிரிக் கெடக்கு, மது. அதான்" என்றான்.

தரையாம். குடை பிடித்து நின்ற மதுமிதாவுக்குச் சிரிப்புகூட வரவில்லை. பதினோரு வருடக் குடித்தனத்தில் இந்த ஆள் எதற்காவது தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டானா? கார் இடித்தால் சுவர் மேல் தப்பு. பதவி உயர்வு கிடைக்காவிட்டால் மேனேஜர் மேல் தப்பு. கல்யாணம் கசந்தால் மதுமிதா மேல் தப்பு. இன்றைக்குக் கண்மாய் மாட்டிக்கொண்டது.

மே மாத வெயிலில், வறண்ட கண்மாய்க்குள் வெள்ளைத் தொப்பி, முட்டிக்கு மேல் டவுசர், இடது கைக்கு மட்டும் ஒரு தோல் உறை. மடைக்குப் பக்கத்தில் ஒரு துண்டை விரித்துப்போட்டு அதுதான் குழி என்று வைத்திருந்தான். அடுத்த ஞாயிறு சென்னையில் கம்பெனிப் போட்டியாம். அங்கேயும் கோடையில் புல் கருகித் தரை இறுகிப்போயிருக்குமாம். இந்தக் கண்மாயை விட்டால் நல்ல பயிற்சி கிடையாதாம். பங்காளிகள் கூடும் கோயில் படைப்புக்கு வந்த ஊரில், டிக்கியில் மட்டைப் பையோடு வந்து இறங்கியவனை என்ன சொல்வது?

காலையில் அத்தைதான் குடையைக் கையில் திணித்து, "நீயும் கூடப் போ ஆத்தா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க" என்று அனுப்பிவைத்தாள். மறுக்க வழியில்லை. சாயங்காலம் கார் ஏறும்வரை மதுமிதா இந்த வீட்டு மருமகள்.

பிப்ரவரியிலேயே சென்னைக் குடும்ப நீதிமன்றம் இருவரையும் பிரித்து அனுப்பிவிட்டது. அத்தை சொர்ணத்துக்கு மட்டும் தெரியாது. போன வருடம்தான் நெஞ்சில் கத்தி வைத்த உடம்பு, கேட்டால் தாங்காது என்று ராம்நாத் போனில் அழுதான். அவனுக்காக அவள் வரவில்லை. ஒரு நாளும் தன்னிடம் முகம் சுளிக்காத அந்த மனுஷிக்காக, பெட்டியில் கிடந்த தாலிச் சங்கிலியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியும் என்று இருவருமே நினைக்கவில்லை. இரவு எப்படி ஒரே அறையில் படுப்பது என்று அரிமளம் தாண்டும்வரை காரில் சண்டை. அத்தையோ, மாடி அறையில் ஏசி ஓடவில்லை என்று மதுமிதாவைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டாள். நல்லகாலம் என்று ராம்நாத் கண்ணைச் சிமிட்டினான். பாவம், வெள்ளந்தி என்று மதுமிதாவும் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த பந்து. மறுபடி ணங். மறுபடி ஆடுகள் சிதறின.

அவள் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் பதினோரு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் ஓடிய வீடியோக்கள் அவளுக்கு மனப்பாடம். இறுகிய தரையில் பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும், பிறகுதான் தரையை. குழி வரைக்கும் தூக்கி அடிக்கக் கூடாது. பாதியில் விழுந்தால் மீதி தூரத்துக்குத் தரையே உருட்டிக்கொண்டுபோகும். பார்த்தவன் மண்டையில் ஏறவில்லை, தட்டு கழுவியவளுக்கு ஏறியிருந்தது.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இவன் அசிங்கப்பட்டால் அவளுக்கென்ன?

இன்னொரு பந்தும் புதருக்குப் போனபோது பொறுக்க முடியவில்லை.

"பந்த வலது கால் பக்கம் தள்ளி வைங்க. தூக்கி அடிக்காதீங்க, பாதியில விழட்டும்."

அவன் பந்தைத் தள்ளி வைத்து அடித்தான்.

சத்தமே வேறாக இருந்தது. பந்து தாழப் பறந்து, பாதி வழியில் விழுந்து, உருண்டு போய்த் துண்டின் ஓரத்தில் நின்றது. ராம்நாத் திரும்பி, கல்யாணமான புதிதில் சிரித்ததைப் போலச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கரைமேல் டிவிஎஸ் வந்து நின்றது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருப்பதி ஒரு மஞ்சள் பையோடு இறங்கி வந்தான்.

"கோயில் தேங்கா வந்துருச்சு ஆச்சி. இப்பவே கையில குடுத்துட்டு வான்னு பெரியாச்சி சொன்னாக" என்றான் மதுமிதாவிடம். அத்தைதான் அவனுக்குப் பெரியாச்சி.

படைப்பு முடிந்ததும் பங்காளி வீடுகளுக்குப் புள்ளிக்கு ஒரு தேங்காய் வரும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே புள்ளி. ஒவ்வொரு வருடமும் அவர்கள் இருவருக்குமாக ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது.

மதுமிதா கை நீட்டினாள். திருப்பதி ஒரு தேங்காயை அவளிடம் கொடுத்துவிட்டு, மறுபடி பைக்குள் கையை விட்டான்.

"இது அண்ணனுக்கு. பெரியாச்சி தன் பங்குத் தேங்காயக் குடுத்துட்டாக. ரெண்டையும் ஒரே கையில குடுத்துறாத, ஆளுக்கு ஒண்ணாத் தனித்தனியாக் குடுன்னு ரெண்டு தடவ சொல்லி விட்டாக."

"வயசாச்சுல்ல, அம்மாவுக்குக் கணக்குத் தப்புது" என்று சிரித்தபடி ராம்நாத் தன் தேங்காயை மட்டைப் பைக்குள் போட்டான்.

அத்தை கணக்குத் தப்புகிற ஆளில்லை. எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும்? ராத்திரி மதுமிதாவைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டதும் அதனால்தானா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எந்தக் கால் பக்கம்னு சொன்ன?" என்றபடி ராம்நாத் அடுத்த பந்தைக் கீழே வைத்தான்.

அவள் தன் தேங்காயை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனாள்.