மயிலையின் மூச்சு

மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காட்டில், ஒரு சாணியின் மேல் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, அதிலிருந்து எழுந்து வானத்தைச் சூடேற்றும் வாயுவைத் தன் ஆய்வுக்காகச் சுகிர்தா நாள்தோறும் கருவியில் அளந்துவந்தாள். பெட்டியைத் தொடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் மூச்சு கலந்தால் எண் ஏறிவிடும். அந்தச் சாணியைப் போட்ட சாம்பல் நிற மயிலைப் பசு மூன்றாம் நாள் பாம்பு தீண்டிச் செத்துப்போனது. மறுநாள் அதன் சொந்தக்காரர் குப்பணன் வந்து பெட்டியருகே குந்தினார்.

“ஏனுங் அம்மிணி, இதுல என்னங்க தெரியுது?”

“உங்க மாடு இன்னும் மூச்சு விட்டுட்டுதான் இருக்குதுங்க” என்றாள், ஏதோ சொல்ல வேண்டுமே என்று.

அந்தச் சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் வந்து, எண் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் மற்ற மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இருபத்தோராம் நாள் சாணி வறட்டியாய்க் காய்ந்து கிடந்தது. எண் அசையவில்லை. படலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“மூச்சு இருக்குதுங்களா அம்மிணி?”

சுகிர்தா குனிந்து பெட்டியை விரற்கடை அளவு தூக்கினாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.