பலகையில் எழுதிய எண்கள்

தலைக்கு மேல், விமானம் தாங்கிக் கப்பலின் தளத்தில், யாரோ சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கீழே விமானிகள் அறையில், எங்கள் விமானப் பிரிவின் தலைவர் ரட்னிக் நேற்றைய பசிபிக் சண்டையின் அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். நடுவே கார்பன் வைத்த ஐந்து தாள்கள் உருளையில் புடைத்து நிற்கின்றன. வீழ்த்திய விமானங்கள், வீசிய குண்டுகள், செலவான தோட்டாக்கள் எல்லாம் முடிந்து, திரும்பாத ஒரே விமானத்துக்கு வந்துவிட்டோம்.

“ஹோல்கம். திசைக் கணக்குல விமானியோட தவறுன்னு போடு, மெரில்.”

என் விரல்கள் நின்றுவிடுகின்றன. எதிரே கரும்பலகையில், விமானங்கள் திரும்பும்போது கப்பல் இருக்கப்போகும் இடத்தின் எண்கள் என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. நேற்று விமானங்கள் புறப்படும் நேரத்தில் அதை மேலிருந்து ஃபோனில் மாற்றிச் சொன்னார்கள். பழைய எண்களை அழித்துப் புதியதை எழுதினேன். அறையில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஹோல்கம் அதற்குள் தளத்துக்கு ஏறிவிட்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்ல இரண்டு ஏணிதான். வழியில் கப்பலின் ஐஸ்கிரீம் கடை வரிசையில் கூட்டம் குறைவாக இருந்தது. யாராவது சொல்லிவிடுவார்கள் என்று அதில் நின்றுவிட்டேன். சண்டையில் மற்ற விமானங்களைவிட்டுப் பிரிந்தவர் பழைய எண்களை நம்பி வெறுங்கடலுக்கு வந்து சேர்ந்திருப்பார்.

“என்னடா யோசிக்கிற?” ரட்னிக் ஆறிப்போன காப்பியை உறிஞ்சுகிறார். “எல்லாரும் இந்தப் பலகையப் பாத்துதான எழுதிக்கிட்டோம். உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவன்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கான்.”

“ஆமா சார்,” என்கிறேன். ஐந்து தாளிலும் பதியும்படி அழுத்தித் தட்டுகிறேன்.