ஆளுக்கு ஒரு சோளமணி

அமெரிக்காவில், எங்கள் மாநிலப் பொருட்காட்சியில் நான் காவல் காத்தது இரண்டு கண்ணாடி ஜாடிகளை. ஒன்றில் கவர்னர் ஹால்வர்சன் பெயர். மற்றதில் வரும் கவர்னர் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவர் பெயர். யாருக்கு ஓட்டோ, அவர் ஜாடியில் ஒரு மக்காச்சோள மணி போட வேண்டும்.

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்த ஒருவர், கவர்னர் ஜாடியில் ஒரு பிடி சோளத்தைக் கொட்டினார்.

"ஆளுக்கு ஒண்ணுதான் சார்!" என்று அதட்டினேன்.

"எங்க வீட்டுக்கும் சேர்த்துதாம்மா. எல்லாரும் கவர்னர் பக்கம்தான்."

பின்னாலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். "அப்பா! நானும் அம்மாவும் அப்பவே போட்டுட்டோமே!"

"எதுல?"

அடுத்த ஜாடியைக் காட்டினாள். "அப்பதான் நீ வீட்டுல இருப்பியாம்."

அவர் காது சிவந்தது. தொப்பிக்குள் இருந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"உங்களோட ஒண்ணு இருக்கட்டும்," என்றேன் மெதுவாக. "மிச்சத்தை எடுத்துடுங்க, கவர்னர் சார்."