இடது கதவு

கம்பெனி புதிதாகச் செய்த, தானே ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. வேறு வழி தெரியாத பொறியாளர் கருணாகரன், இறந்துபோன மனைவி வசுமதியின் பழைய காரின் கணினியில் பதிந்திருந்த அவள் ஓட்டும் பழக்கத்தை அப்படியே அதற்கு ஏற்றினார். சிக்கனத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மைலேஜ் எகிறியது.

“ஒரே கோளாறு சார்,” என்றான் ஓட்டிப் பார்த்த ஜெரால்டு. “சாயங்காலமானா சோதனைக்கு விட்ட எல்லா வண்டியும் தானா நம்ம கம்பெனி கேட்டுக்கு வந்து, இன்ஜினை அணைச்சுட்டு, இடது கதவைத் திறந்து வைக்குது. அந்தப் பழக்கத்தை இன்னிக்கே மொத்தமா அழிச்சுடச் சொல்றாங்க.”

அவரைக் கூட்டிப்போக வசுமதி தினமும் காத்திருந்த இடம் அது.

அழிக்கத்தான் திறந்திருந்த இடது கதவு வழியே ஏறி உட்கார்ந்தார். வியர்த்தது, ஏசியைப் போட்டார். அது தானே அணைந்து, கண்ணாடி மெல்ல இறங்கியது.

“செத்தும் ஏசி போடவிட மாட்டியாடி?”

கதவு சாத்திக்கொண்டது; வண்டி தானே கிளம்பியது. வீடு போய்ச் சேரும்வரை அவர் எதையும் தொடவில்லை.