வகுபடாத எண்

பெற்றவர்கள் இருவரின் அடையாள எண்களையும் பெருக்கித்தான் பிள்ளைக்கு எண் கொடுப்பார்கள். தத்துப் போனாலும் அது மாறாது. பத்து வயது நிறைமதி இருபத்துநான்கு இலக்கமுள்ள தன் எண்ணை அப்பாவின் எண்ணால் வகுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம். குணாளன் எழுந்தான், உட்கார்ந்தான், ஜன்னலைத் திறந்து மறுபடி மூடினான். அவளைத் தத்தெடுத்ததை இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

“மூணு தடவை போட்டுட்டேன்ப்பா. அதே மீதிதான் வருது. எங்க தப்பு பண்றேன்?” என்றாள் அழாத குறையாக.

தப்பாகப் போட்டாய் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். குணாளனுக்கு வாய் வரவில்லை.

“சரியாத்தான் போட்டிருக்க. நீ நம்ம வீட்டுக்கு வந்த கதையச் சொல்லணும்மா.”

நிறைமதி அந்த மீதியையே பார்த்தாள். “அம்மா நம்பராலயும் போகாதா?”

“போகாது.”

எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தான். அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு, “சொல்லுப்பா,” என்றாள்.